பல்லக்குப் பயிற்சியில் நாங்க ஏன் கத்துறதில்லை?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டு வேலையை முடிச்சிட்டு, ஒரு தேத்தண்ணி கலக்கி வச்சுக்கிட்டு நிதானமா படிங்க. ஆடித் திருவிழாவுக்கு முன்னாடி எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இதில் இருக்கு.

சனிக்கிழமை சாயந்தரம் கோயில் திடலில் பல்லக்குப் பயிற்சி நடக்குது இல்லையா? அதைப் பார்த்துட்டு அன்பர்கள் பல பேர் எங்ககிட்ட ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாங்க. "பையன்கள் தப்பு தப்பா அடி வைக்கிறாங்க. நீங்க பெரியவங்க கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கிறீங்க. வாயைத் திறந்து சொல்லக் கூடாதா? மைக்கில ஒண்ணு, ரெண்டு எண்ணினா என்ன?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டியது எங்க கடமை. பயிற்சி கொடுக்கிற நாங்க மொத்தம் ஏழு பேர். லாரி ஓட்டுறவர், ஆஸ்பத்திரியில் வேலை செய்றவர், பாசார் மாலாமில் கடை போடுறவர், கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் என்று பல மாதிரி. இதை எழுதுற கை அந்த சூப்பர்வைசர் கை, எஸ்.பி.எம் வரைக்கும்தான் படிச்ச கை. ஆனா பேசுறது ஏழு பேரும் சேர்ந்து.

முதலில் வேலை என்னன்னு சொல்லிடுறோம். நம்ம அம்மன் பல்லக்குக்கு ரெண்டு வாரை. முன்னால எட்டுத் தோள், பின்னால எட்டுத் தோள், ஆக பதினாறு. இந்த வருஷம் அதில் எட்டு பேர் ஓய்வு எடுத்துக்கிறாங்க. முட்டி வலி, சர்க்கரை, ஒருத்தருக்கு இருதய ஆபரேஷன். தோட்டம் இருந்த காலத்திலிருந்து அம்மனைத் தூக்கினவங்க அவங்க. அந்த எட்டு இடத்துக்கு வந்திருக்கிறது பதினேழிலிருந்து இருபத்திரண்டு வயசுப் பையன்கள். பாதிப் பேர் இதுக்கு முன்னாடி வாரையைத் தொட்டதே இல்லை.

பார்க்கிறவங்க இதைப் பலம் சம்பந்தப்பட்ட வேலைன்னு நினைப்பாங்க. பலம் வேணும்தான், அந்த வயசுப் பையன்களுக்கு அது இருக்கு. கஷ்டம் எங்கேன்னா நேரத்தில். மனுஷன் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பு சில சென்டிமீட்டர் ஏறி இறங்கும். பதினாறு பேரும் ஒரே நேரத்தில் அடி வச்சா பதினாறு தோளும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். ஒரே ஒருத்தர் அரைத் தட்டு பிந்தினா, வாரை இறங்குற நேரத்தில் அவர் தோள் ஏறும். காறை எலும்பில் 'ணங்'குன்னு அடி விழும். அவர் வலி தாங்காம தோளைக் கொஞ்சம் தாழ்த்துவார். அவர் பங்கு பாரம் பக்கத்துத் தோளுக்குப் போகும். அந்தத் தோளும் தடுமாறும். மேலே அம்மன் மாலை ஒரு பக்கமா இழுபடும். பல்லக்கு சாயுறது இப்படித்தான் ஆரம்பிக்குது.

அதோட நம்ம நடை சாதாரண நடையும் இல்லை. 'தக திமி' நாலு தட்டில் மூணு தட்டுக்கு மூணு அடி, நாலாவது தட்டுக்குக் கால் நிற்கும், உடம்பு மட்டும் ஒரு ஆட்டம் ஆடும். இடது, வலது, இடது, ஆட்டம். அப்புறம் அடுத்த சுற்று வலது காலில் தொடங்கும். புதுசா வர்றவங்க எல்லாரும் சிக்குறது அந்த நாலாவது தட்டில்தான். கால் சும்மா நிற்க மாட்டேங்குது. அவசரப்பட்டு அடுத்த அடியை வச்சிடும்.

சாமியைத் தூக்குற நடை எவ்வளவு பெரிய வித்தைன்னு தெரிஞ்சுக்க திருவாரூர்ப் பக்கம் பாருங்க. அங்கே தியாகராஜப் பெருமானுக்கு ஏழு விடங்கத் தலங்கள், ஏழு நடனங்கள். திருவாரூரில் அஜபா நடனம், மூச்சு ஏறி இறங்குற மாதிரி. திருநள்ளாற்றில் உன்மத்த நடனம். நாகப்பட்டினத்தில் கடல் அலை மாதிரி தரங்க நடனம். திருக்காறாயிலில் கோழி நடையான குக்குட நடனம். திருக்கோளிலியில் வண்டு மாதிரி பிருங்க நடனம். திருவாய்மூரில் தண்ணியில் தாமரை அசையுற கமல நடனம். வேதாரண்யத்தில் அன்ன நடையான ஹம்சபாத நடனம். சாமி புறப்படும்போது அந்த நடனம் தெரிய வேண்டியது தூக்குறவங்க தோளிலும் காலிலும்தான். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு நம்பெருமாள் புறப்படும்போதும் இப்படித்தான். சிங்க நடை, சர்ப்ப நடை என்று சொல்லுவாங்க. நடக்கிறது ஸ்ரீபாதம்தாங்கிகளோட கால், நமக்குத் தெரியுறது பெருமாள் நடை.

இப்ப சொல்லுங்க, மூச்சு மாதிரி ஒரு நடையை மைக்கில் ஒண்ணு, ரெண்டு எண்ணிக் கொடுத்திட முடியுமா? எண்ணிக்கை அடி எப்போ விழணும்னு சொல்லும். விழுந்த அடி சரியா விழுந்துச்சான்னு சொல்லாது. அதைச் சொல்ல வேற ஆள் வேணும்.

அந்த ஆள் யாருன்னு பார்ப்போம். தூக்குறவருக்குச் செய்தி மூணு இடத்திலிருந்து வருது. ஒண்ணு, தவில். அது முன்னாடியே சொல்லும். ரெண்டு, வாரை. அடி பிசகின அந்த நொடியே தோளில் சொல்லிடும். மூணு, வெளியே நிற்கிற நாம. நாம கடைசியிலதான் சொல்லுவோம். பயிற்சியில் எங்களோட வேலை முதல் ரெண்டையும் பையன்களுக்குக் கேட்க வைக்கிறது. நாங்க விடாம பேசிக்கிட்டே இருந்தா வாரை பேசுறது அவங்களுக்குக் கேட்காது.

தொழிற்சாலையில் இதைப் பல வருஷமா பார்த்திருக்கோம். கிள்ளான் பக்கம் கையுறைத் தொழிற்சாலைகள் நிறைய, உங்களில் பல பேர் அங்கேதான் வேலை செய்றீங்க. கையாலேயே கையுறையைக் கழற்றின காலத்தில், கை வடிவத்தில் இருக்கிற பீங்கான் அச்சுகள் சங்கிலியில் வரிசையா வந்துக்கிட்டே இருக்கும். ஒண்ணு எதிரே வரும்போது கையுறையைப் பிடிச்சு உருவணும், அடுத்தது வர்றதுக்குள் கை திரும்பத் தயாரா இருக்கணும். அச்சு வந்த பிறகு கையை நீட்டினா பிந்திடும். அது வர்ற வேகத்தைக் கணிச்சு கை முன்னாடியே கிளம்பணும்.

புதுசா வந்த தொழிலாளிக்குப் பக்கத்தில் பழைய ஆள் ஒருத்தர் நின்னு "தாரிக்! தாரிக்!" என்று ஒவ்வொரு அச்சுக்கும் குரல் கொடுப்பார். முதல் நாள் லைன் அருமையா ஓடும். பார்க்கிறவங்க "ஆள் சீக்கிரம் கத்துக்கிட்டான்" என்று சொல்லுவாங்க. மூணாவது நாள் அந்தப் பழைய ஆளை வேற லைனுக்கு மாத்தினா, புது ஆளோட கை அப்படியே தடுமாறும். ஏன்னா அவர் அச்சைப் பார்த்துக் கத்துக்கல, குரலைக் கேட்டுக் கையை ஓட்டினார். இன்னொரு லைனில் வேற ஒரு புது ஆள். ஒரு வரிசை போக விட்டு, அப்புறம் "எத்தனை தவறிச்சு? சீக்கிரம் நீட்டினியா, லேட்டா நீட்டினியா?" என்று மட்டும் கேட்பாங்க. அவர் முதல் நாள் மெதுவாத்தான் இருப்பார். மூணாவது நாள் தனியா நிற்பார். ஒரு தடவை இல்லை, பல தடவை பல ஆளிடம் பார்த்தது.

இதை நம்ம கோயில் அன்பர் ஒருத்தரோட மகளிடம் பேசிக்கிட்டிருந்தோம். பிசியோதெரபி படிச்ச பிள்ளை. "அங்கிள், நீங்க தொழிற்சாலையில் பார்த்ததை ஆராய்ச்சியில் அளந்தே வச்சிருக்காங்க" என்று சொல்லிச்சு. அது விளக்கிச் சொன்னதில் எங்களுக்கு மனசில் நின்ன நாலு விஷயத்தை இங்கே சொல்றோம்.

முதல் விஷயம் 1932இல் டிரோபிரிட்ஜ், கேசன் என்ற ரெண்டு பேர் செய்தது. கண்ணைக் கட்டிக்கிட்டு மூணு அங்குலக் கோடு போடச் சொன்னாங்க. ஒரு குழுவுக்கு எதுவும் சொல்லல. இன்னொரு குழுவுக்கு ஒவ்வொரு கோட்டுக்கும் அர்த்தமில்லாத ஒரு வார்த்தையைச் சொன்னாங்க. மூணாவது குழுவுக்கு 'சரி, தப்பு' மட்டும். நாலாவது குழுவுக்கு எவ்வளவு கூட, எவ்வளவு குறை என்று அளவோட சொன்னாங்க. நாலாவது குழுதான் நல்லாக் கத்துக்கிட்டது, அதுக்கு அடுத்து மூணாவது. முதல் ரெண்டு குழுவும் தேறவே இல்லை. அதாவது சும்மா திரும்பத் திரும்பச் செய்தா மட்டும் பழக்கம் வந்திடாது, சரியா வந்துச்சான்னு தெரியணும். அதே மாதிரி அர்த்தமில்லாத சத்தமும் சொல்லாம விட்டதும் ஒண்ணுதான்.

நம்ம வேலி ஓரத்துச் சத்தத்தை நினைச்சுப் பாருங்க. "டேய், பாத்துடா!" "ஒழுங்கா தூக்கு!" இதில் அந்தப் பையனுக்கு என்ன தெரியும்? முந்தினானா, பிந்தினானா, எந்தத் தட்டில்? அன்பினால் சொல்றீங்க, எங்களுக்குப் புரியுது. அவன் காலுக்குப் புரியாது.

ரெண்டாவது விஷயம், 1990இல் கரோலி வின்ஸ்டீன், ரிச்சர்ட் ஷ்மிட் ரெண்டு பேரும் செய்தது. ஒரு கைப்பிடியைக் குறிப்பிட்ட விதமா, குறிப்பிட்ட நேரத்தில் நகர்த்தப் பழக்கினாங்க. ஒரு குழுவுக்கு ஒவ்வொரு தடவையும் முடிவைச் சொன்னாங்க. இன்னொரு குழுவுக்கு பாதித் தடவைதான். மறுநாள் எதுவும் சொல்லாம செய்ய விட்டுப் பார்த்தா, பாதித் தடவை கேட்டவங்கதான் நல்லாச் செய்தாங்க. எங்க லைனில் நடந்த "தாரிக், தாரிக்" கதையேதான்.

மூணாவது, அதே 1990இல் ஸ்வின்னன் என்பவரும் அவரோட சேர்ந்தவங்களும் பார்த்தது. அசைவு முடிஞ்ச அந்த நொடியே முடிவைச் சொல்றதைவிட, சில விநாடி விட்டுச் சொன்னா பழக்கம் நல்லா நிற்குது. அந்தச் சில விநாடியில் உடம்பு தானே யோசிக்குது, "இப்ப செய்தது எப்படி இருந்துச்சு?" என்று. சொல்றதுக்கு முன்னாடி அவங்களையே கணிக்கச் சொன்னா இன்னும் நல்லது.

நாலாவது, 2007இல் சிவியாகோவ்ஸ்கி, வுல்ஃப் என்ற ரெண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள் செய்தது. ஒரு சின்னப் பையைக் குறி பார்த்து எறியுற வேலை. ஆறு எறிக்கு ஒரு தடவை, சில பேருக்கு நல்லா விழுந்த மூணைப் பற்றிச் சொன்னாங்க. சில பேருக்கு மோசமா விழுந்த மூணைப் பற்றிச் சொன்னாங்க. நல்லதைக் கேட்டவங்க கூடுதலாக் கத்துக்கிட்டாங்க. தப்பை மட்டும் எடுத்துச் சொல்றதுதான் கண்டிப்பான பயிற்சின்னு நினைக்கிற பெரியவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பிள்ளைகளைப் பரதநாட்டிய வகுப்புக்கு அனுப்புற அன்பர்களுக்கு இதெல்லாம் புதுசா இருக்காது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கி வச்ச டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிற இடம் அது. பரதத்தில் தட்டடவை மூணு காலத்தில் பழக்குவாங்க. தட்டுக்கழியில் ஆசிரியர் தட்டுவார், பிள்ளை அடி வைக்கும். பார்க்கிறவங்களுக்கு வேகமான மூணாம் காலம்தான் கஷ்டம் மாதிரித் தெரியும். முதல் காலத்துக்கும் தனிக் கஷ்டம் உண்டு. ரெண்டு தட்டுக்கு நடுவில் இடைவெளி நீளம், அந்த நேரம் முழுக்க உடம்பு பொறுக்கணும். இடைவெளி நீள நீள மனுஷனோட கணிப்பும் தவறும். நம்ம பையன்கள் நாலாவது தட்டில் அவசரப்படுறதும் இதனாலதான். அந்த வெற்று நேரத்தைப் பொறுக்கக் கத்துக்கிறதுதான் பயிற்சியில் பாதி.

இனி திடலில் நாங்க செய்றதை வரிசையாச் சொல்றோம்.

முதல் ரெண்டு வாரம் பாரம் இல்லை, வாரையும் இல்லை. வாயில் 'தக திமி' சொல்லணும், கை தட்டணும், கால் நடக்கணும். வாய் சொல்றதுக்கும் கால் விழுறதுக்கும் நடுவில் பிசகு வந்தா அவனுக்கே கேட்கும். யாரும் சொல்ல வேண்டாம்.

அடுத்து வெறும் வாரை. அப்புறம் வாரையில் மணல் மூட்டை. மூட்டை மேலே பலகை, பலகை மேலே வாய் அகலமான ஒரு செம்பு, அதில் விளிம்பு வரைக்கும் தண்ணி. கொடிமரத்திலிருந்து வாசல் வரைக்கும் ஒரு சுற்று. போகும்போது நாங்க பேசுறதில்லை. வாசலில் முட்டுக்கட்டையில் இறக்கி வச்சிட்டு, கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா நிற்கணும். மூச்சு வாங்கட்டும். அப்புறம் பையன்களைத்தான் கேட்போம். "எந்த இடத்தில் பிசகினது? யாருக்குத் தோளில் அடி விழுந்தது?" அவங்க சொல்லுவாங்க. முதல் வாரம் "தெரியலண்ணே" என்றுதான் சொன்னாங்க. இப்ப "கிணத்துக்கிட்ட திரும்பும்போது, பின்னால வலது பக்கம்" என்று இடத்தோட சொல்றாங்க. அதுக்கு அப்புறம்தான் செம்பைப் பார்ப்போம். பலகை எந்தப் பக்கம் நனைஞ்சிருக்கோ அந்தப் பக்கம்தான் ஆட்டம். செம்பு யாருக்கும் வேண்டியவன் இல்லை, வேண்டாதவன் இல்லை.

கடைசியா நாங்க ஒரே ஒரு விஷயம் சொல்லுவோம், அளவோட. "இடது வாரை, பின்னால மூணாவது தோள், ஆட்டத்தில் அரைத் தட்டு முந்துது." அவ்வளவுதான். ரெண்டாவது தப்பு இருந்தாலும் அடுத்த சுற்றுக்கு வச்சுக்குவோம். ஆரம்பத்தில் சுற்றுக்கு ஒரு தடவை சொன்னோம். அப்புறம் ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவை. இப்ப நாலு சுற்று முடிஞ்ச பிறகுதான், அதுவும் அவங்க கேட்டா. நல்லா வந்த சுற்று எதுன்னு முதலில் சொல்லி, அதில் என்ன நடந்துச்சுன்னு அவங்களையே சொல்லச் சொல்றோம். நீங்க பார்க்கிற அந்தக் 'கையைக் கட்டிக்கிட்டு நிற்கிறது' இதுதான்.

ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் விதிவிலக்கு. யாராவது கால் வழுக்கினா, வாரை தோளை விட்டு நழுவினா, அந்த நொடியே "நில்லு!" என்று கத்துவோம். அந்த ஒரு வார்த்தைக்குப் பதினாறு பேரும் நின்னாகணும். மற்ற நேரத்தில் நாங்க கத்தாம இருந்தாத்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

"சரி, திருவிழா அன்னைக்காவது ஒருத்தர் எண்ணிச் சொல்லலாமே" என்று கேட்கலாம். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் 272 படி ஏறுறதுக்கு முன்னாடி அடிவாரத்தில் நின்னு கேட்டிருக்கீங்க இல்லையா? ஒரு காவடிக்கு ஒரு உருமி மேளம், பக்கத்தில் இன்னொண்ணு, பின்னால இன்னொண்ணு. நம்ம ஊர்வலமும் பெரிய ரோட்டுக்கு வந்துட்டா அப்படித்தான். மைக்கில் எண்ணினாலும் யாருக்குக் கேட்கும்?

அதோட இன்னொரு கணக்கும் உண்டு. சத்தம் ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். கூட்டம் நடுவில் புகுந்து தவில்காரர் 34 மீட்டர் முன்னாடி போயிட்டா, அவர் தட்டு நமக்குப் பத்தில் ஒரு விநாடி தாமதமாத்தான் வந்து சேரும். நாலு தட்டு நடையில் அது கொஞ்ச நஞ்சமில்லை. அந்த நேரத்தில் பதினாறு பேரையும் சேர்த்து வைக்கிறது தோளில் இருக்கிற வாரை ஒண்ணுதான். வாரையைக் கேட்கத் தெரியாத தோள் அன்னைக்குத் தனியாப் போயிடும்.

வாரையை மட்டும் நம்பினாலும் ஆபத்து உண்டு, அதையும் சொல்லிடுறோம். லண்டனில் மில்லேனியம் பாலம் என்று ஒரு நடைபாலம். 2000ஆம் வருஷம் ஜூன் 10ஆம் தேதி திறந்தாங்க. மக்கள் கூட்டமா நடந்ததும் பாலம் பக்கவாட்டில் லேசா ஆடிச்சு. ஆடுற பாலத்தில் விழாம இருக்க எல்லாரும் தன்னை அறியாம அந்த ஆட்டத்துக்கு ஏத்த மாதிரி அடி வச்சாங்க. அதனால ஆட்டம் இன்னும் கூடிச்சு. ரெண்டே நாளில் மூடிட்டாங்க. அதிர்வைத் தாங்குற கருவிகள் பொருத்தி 2002இல்தான் திரும்பத் திறந்தாங்க.

பல்லக்கும் அப்படித்தான். வாரை ஆடுது, பதினாறு பேரும் அந்த ஆட்டத்தின் பின்னாலேயே போனா ஆட்டம் பெருகும். அதனாலதான் முன்வாரையில் நிற்கிற அனுபவசாலி காதைத் தவிலில் வச்சிருப்பார். ஆட்டம் கூடினதும் ஒரு சுற்று அடி வைக்காம நின்னு, திரும்ப 'த'வில் தொடங்குவார். பழைய எட்டுப் பேரில் நாலு பேரை முன்வாரையில் வச்சிருக்கிறது இதுக்குத்தான்.

இப்ப இந்தப் பதிவை எழுத வச்ச விஷயத்துக்கு வர்றோம். பெயர் சொல்ல மாட்டோம், தயவுசெய்து யாரும் கீழே எழுதவும் வேண்டாம்.

நாலு வாரத்துக்கு முன்னாடி பயிற்சி நடக்கும்போது, பின்வாரையில் இருந்த ஒரு பையனைப் பார்த்து வேலி ஓரத்திலிருந்து ரொம்பக் கடுமையா ஒரு வார்த்தை வந்தது. "ஏழு பேர் ஒரு மாதிரி போறாங்க, நீ மட்டும் தனியாப் போற, காது கேட்காதா?" என்ற அர்த்தத்தில். அன்னைக்கு ராத்திரியே அந்த வீடியோ வாட்ஸ்அப் குழுவில் சிரிப்புப் படங்களோட சுற்றிச்சு. அடுத்த சனிக்கிழமை அந்தப் பையன் வரல. அதுக்கு அடுத்த வாரமும் வரல.

அதே வீடியோவை நாங்க தவில் வாசிக்கிற ஐயாவிடம் போட்டுக் காட்டினோம். அவர் படத்தைப் பார்க்கல. போனைக் காதோரம் வச்சுத் தவில் சத்தத்தைக் கேட்டார், விரலால் தொடையில் தட்டினார், அப்புறம் திரும்ப ஓட விட்டுக் காலைப் பார்த்தார். "நாலாவது தட்டில் நிக்கிறது இந்தத் தம்பி ஒருத்தன்தான். மத்த ஏழு பேரும் ஓடுறாங்க" என்று சொன்னார்.

அன்பர்களே, இதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. வெளியே நின்னு பார்க்கிறவங்களுக்கு யார் தனியாத் தெரியுறாங்களோ அவங்கதான் தப்புன்னு தோணும். அந்தப் பையன் செய்தது சரி. சரியாச் செய்ததுக்கு வசவு வாங்கினான். அவன் உடம்பு அன்னைக்கு என்ன கத்துக்கிட்டிருக்கும்? தவிலைக் கேட்காதே, கூட்டத்தோட ஓடு என்றுதானே! தப்பான நேரத்தில், தப்பான ஆளுக்குச் சொல்ற ஒரு சொல் நல்ல பழக்கத்தையும் அழிச்சிடும். திரும்ப அதைக் கட்டுறதுக்கு எத்தனை சனிக்கிழமை வேணும்னு எங்களுக்குத் தெரியாது.

எங்களில் ரெண்டு பேர் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மா தேத்தண்ணி கொடுத்தாங்க. தவில் ஐயா சொன்னதை அவனிடம் அப்படியே சொன்னோம், கூட்டியும் சொல்லல, குறைச்சும் சொல்லல. அவன் ஒண்ணும் பேசல. போன சனிக்கிழமை வந்தான். வாரைப் பக்கம் வரல, சுவரோரம் நின்னு சாமி குடையைப் பிடிச்சுக்கிட்டிருந்தான். ஆனா கால் மட்டும் 'தக திமி'க்குச் சரியா அசைஞ்சுக்கிட்டிருந்தது. நாங்க பார்த்தோம், ஒண்ணும் சொல்லல. பின்வாரையில் இடது பக்கம் நாலாவது இடத்தை வேற யாருக்கும் கொடுக்கல.

அன்பர்களிடம் நாங்க கேட்டுக்கிறது நாலே விஷயம்.

பயிற்சி நடக்கும்போது வேலி ஓரத்திலிருந்து குரல் கொடுக்க வேண்டாம். ஏதாவது தப்புத் தெரிஞ்சா எங்களில் ஒருத்தரிடம் வந்து சொல்லுங்க. எந்தத் தட்டில், எந்தத் தோளில் என்று சொன்னா இன்னும் உதவி.

வீடியோ எடுக்கலாம், எங்களுக்கும் அது தேவைதான். ஆனா முதலில் பையன்களுக்குக் காட்டுங்க. அவங்க பார்க்கிறதுக்கு முன்னாடி குழுவில் போட வேண்டாம்.

கை தட்ட ஆசையா இருக்கிறவங்க வாங்க, வரிசையா உட்கார்ந்து தவிலோட சேர்ந்து தாளம் போடுங்க. அம்மாமார், அக்காமார் எல்லாரும் போடலாம். அது நிஜமான உதவி.

சுற்று நல்லா வந்தா, இறக்கி வச்ச பிறகு ஒரு வார்த்தை நல்லாச் சொல்லுங்க. வேலி ஓரத்துக் குரல் அவங்க காதில் விழத்தான் செய்யுது.

பயிற்சி சனிக்கிழமை சாயந்தரம் ஆறரைக்கு, மழை பெய்தா மண்டபத்துக்குள்ளே. கடைசி ரெண்டு வாரம் புதன்கிழமையும் உண்டு. தோள் துண்டு தைக்கிறதுக்குப் பழைய பருத்தி வேட்டி வேணும். வீட்டில் இருந்தா கொண்டு வந்து கோயில் அலுவலகத்தில் கொடுங்க. பழைய எட்டுப் பெரியவங்களையும் நாற்காலி போட்டு முன்னால உட்கார வைக்கிறோம். அவங்க வந்து உட்கார்ந்தாலே பையன்கள் நடை நிதானப்படுது.

அம்மன் இந்த வருஷமும் சாயாம, குலுங்காம வீதி வருவாள். அதுக்குப் பதினாறு தோளும் தயாராகிட்டு வருது. உங்க பொறுமையும் சேர்ந்தா போதும்.

ஓம் சக்தி.

இப்படிக்கு,
பல்லக்குத் தொண்டர்கள்